இருநூற்றுப் பதினோராவது கம்பத்து அருவி

அந்த அருவியைக் கண்ணால் பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்னாலேயே நாங்கள் அதைக் காதால் கேட்டுவிட்டோம்.

எழுபதுகளின் கடைசி. போடிநாயக்கனூரில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மதுரையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச்போர்டுப் பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். எந்த எண்ணில் விளக்கு எரிகிறதோ அந்தத் துளையில் ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்திலும் சொல்கிறேன் என்று என் அறைத்தோழி புகார் செய்வாள். ஏலக்காய்க் கடைக்காரர்கள், காப்பிக்கொட்டை வாங்குகிறவர்கள், எஸ்டேட் முதலாளிகள் என்று காலையிலிருந்து ஊர் மலையைக் கூப்பிடும், மலை ஊரைக் கூப்பிடும். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துவைக்கிற நாங்கள் மூன்று பெண்களும் அந்த மலையில் கால் வைத்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் மேற்கே நீலமாக நிற்கும். அவ்வளவுதான் பழக்கம்.

எங்களில் மூத்தவள் உள்ளூர்க்காரி. முஸ்லிம் வீட்டுப் பெண், முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். அவளை அக்கா என்று கூப்பிடுவோம். அவளுடைய அண்ணன் கடைத்தெருவில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். அடுத்தவள் என் அறைத்தோழி. பக்கத்தில் தேவாரம் ஊரில் விவசாயக் குடும்பம். என்னைப் போலவே இருபத்திரண்டு வயது, ஆனால் என்னைவிட ஒரு ஜாண் உயரம். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் யானையில் கொண்டுபோய் முடிப்பாள், ஏனென்றால் அவர்கள் தோட்டத்து வாழையை யானைகள் இரண்டு தடவை வந்து தின்றுவிட்டுப் போயிருந்தன. அவளைத் தேவாரத்துக்காரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் லைன்மேன் மலையடியிலிருக்கும் குரங்கணி லைனைப் பார்க்கச் சைக்கிளில் போவார். குட்டையான ஆள், நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, சைக்கிள் கேரியரில் ஒரு கம்பிச் சுருள். சந்தேகப்பட்ட கம்பத்தில் எல்லாம் ஏறி, கையோடு கொண்டுபோகிற டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டி எங்களைக் கூப்பிடுவார். "ஹலோ, லைன் டெஸ்டிங். நூத்தி நாப்பது" என்பார். அது கம்பத்தின் எண். நாங்கள் "கேக்குது" என்று சொன்னால் இறங்கி அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் இருநூற்றுப் பதினொன்றிலிருந்து கூப்பிட்டார். அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, லைன்ல ஒரே இரைச்சலா இருக்கு" என்றேன்.

"லைன் நல்லாத்தான் இருக்கு ஆத்தா. இது அருவி."

நான் ஹெட்போனைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா கேட்டுவிட்டுத் தேவாரத்துக்காரியிடம் கொடுத்தாள். அதற்குள் பலகையில் நான்கு விளக்கு எரிந்துவிட்டது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் இருநூற்றுப் பதினொன்றுக்காகக் காத்திருந்தோம். மழைக்குப் பிறகு சத்தம் தடித்திருக்கும், வெயில் நாளில் மெலிந்திருக்கும். ஐப்பசி மழை இரண்டு வாரம் கொட்டி ஓய்ந்த பிறகு ஒரு நாள் அவர் கூப்பிட்டபோது, அவர் சொன்ன எண்ணே எங்களுக்குக் கேட்கவில்லை. அருவி மட்டும்தான் கேட்டது.

"அண்ணே, எங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று தேவாரத்துக்காரி கேட்டாள்.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"தெரியும்" என்று மூன்று பேருக்கும் சேர்த்து அவளே சொல்லிவிட்டாள். எனக்குத் தெரியாது.

பத்து நாள் அவகாசம் இருந்தது. தினமும் காலையில் ஆளில்லாத சந்தைத் திடலில் தேவாரத்துக்காரி என்னைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளினாள். பத்தாம் நாள் முடிவில் எனக்கு ஓட்ட வந்துவிட்டது. ஏறவும் வரவில்லை, இறங்கவும் வரவில்லை. ஒரு கல்லோ திண்டோ இருந்தால் அதில் காலை ஊன்றி ஏறிவிடுவேன். நிறுத்துவதென்றால் எதன் மேலாவது மோத வேண்டும், அல்லது சைக்கிளை விட்டுவிட்டுக் குதிக்க வேண்டும். அக்கா ஓட்டுவாளா என்று நாங்கள் கேட்கவே இல்லை. லைன்மேன் கேரியரில் உட்கார்ந்து வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அண்ணனிடம் "எங்கூட வேலை பாக்குற பிள்ளைகளுக்கு மலைக்குப் போக மூணு சைக்கிள் வேணும்" என்று மட்டும் சொல்லி வாங்கிவைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். ஊர்க்கடைசிப் பாலத்தடியில் கூடினோம். மத்தியானம் இரண்டு மணிக்கு நானும் அக்காவும் டூட்டியில் இருந்தாக வேண்டும். அதனால் அரை நாள்தான் பயணம். மூன்று சைக்கிளில் இரண்டு பெண்கள் சைக்கிள், மூன்றாவது நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள். அதை யார் ஓட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். உள்ளே யாருடையதோ ஒரு பேன்ட். காலைப் பின்பக்கமாக வீசிப் போட்டு ஏறி, பாலத்தின் மேல் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து, எங்களுக்கு முன்னால் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

"அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்பளைங்க எல்லாம் தொழுகைக்குப் போயிருவாங்க. கடைச் சைக்கிள் பூராவும் எங்க வீட்டுக் களத்துல சும்மாதான நிக்கும்" என்றாள். "பத்து வயசுல ஆரம்பிச்சேன். கல்யாணம் முடியிற வரைக்கும் ஒரு வெள்ளியும் விடல. ஆனா களத்தைத் தாண்டி ஓட்டுனதில்ல. இன்னைக்குத்தான் நேரா ஓட்டப் போறேன். இத்தன வருஷமும் வட்டமாத்தான் ஓட்டிருக்கேன்."

லைன்மேன் இதையெல்லாம் கேட்காதவர் மாதிரி, சுருளிலிருந்து நான்கு துண்டுக் கம்பி வெட்டி என்னிடமும் தேவாரத்துக்காரியிடமும் நீட்டினார். பாவாடை ஓரம் சங்கிலியில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலோடு கட்டிக்கொள்ள. பிறகு வழிகாட்டி என்ற முறையில் இரண்டே விதி சொன்னார்.

"எனக்கு முன்னால யாரும் போகக் கூடாது. வழியில யாராவது கேட்டா, லைன் டெஸ்டிங்னு சொல்லணும்."

கிளம்பினோம். முதல் விதியைக் கால் மைலுக்குள் நான் மீறினேன். பாலத்துக்கு அப்புறம் ஒரு சின்னச் சரிவு. மெதுவாக ஓட்டுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. லைன்மேனைத் தாண்டி, சாலையோர டீக்கடையை நோக்கி என் சைக்கிள் போயிற்று. பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெல் அடித்தேன். அடித்தபடியே இருந்தேன். எல்லோரும் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால்களை மேலே இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் முழங்காலுக்கும் மேசைக்கும் நடுவிலிருந்த சந்தில் நுழைந்து மறுபடியும் சாலைக்கே வந்துவிட்டேன். எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பின்னால் டீக்கடைக்காரர் கேட்பது காதில் விழுந்தது. "என்னண்ணே இது, பொம்பளப் பிள்ளைகளக் கூட்டிட்டு?"

"லைன் டெஸ்டிங்" என்றார் லைன்மேன்.

அதன் பிறகு எங்களுக்குச் சிரிப்பு ஆரம்பித்தது. காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்று பார்த்தார், சிரித்தோம். "எங்கத்தா போறீக?" என்று நிலக்கடலைக் காட்டில் களையெடுத்த பெண்கள் கேட்டார்கள். மூன்று பேரும் ஒரே குரலில் "லைன் டெஸ்டிங்" என்று கத்தினோம். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, "நல்லாப் பண்ணுங்க" என்று பதில் வந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, இலவ மரம், மழைத்தண்ணீர் நிறைந்த வாய்க்கால். முகத்தில் காற்று அடித்தது. காற்று தானாக அடிக்கவில்லை, நாங்கள் போகிற வேகத்தால்தான் அடிக்கிறது என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அதை உரக்கச் சொன்னேன். அதற்கும் சிரித்தோம்.

லைன்மேன் தூரத்தை மைலில் சொல்ல மாட்டார். "முந்தலுக்கு இன்னும் பதினெட்டுக் கம்பம்" என்பார். "இந்த ஏத்தம் ஒம்பது கம்பம், மூச்சப் பிடிச்சு மிதிங்க" என்பார். நான் ஏறவும் இறங்கவும் கல் வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, மைல்கல்லோ பாலத்துத் திண்டோ இருக்கிற இடத்தில் மட்டுமே எல்லோரையும் நிறுத்தினார். அது எனக்காகத்தான் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

முந்தலில் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் வளைந்து வளைந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது. வலது பக்கம் ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகிறது. நாங்கள் அங்கே ஒரு திண்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மெட்டிலிருந்து ஒரு ஜீப்பு இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்க ஊருக்குப் போகிற எஸ்டேட்டுப் பெண்கள், உள்ளே, வெளியே, பின்படியில் என்று இருபது பேராவது இருப்பார்கள். எங்களைப் பார்த்ததும் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

"எவிடெ போறீங்க சேச்சி?" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அக்காவைக் கேட்டார்.

"அருவிக்கு" என்று அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஜீப்பிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா, வெற்றிலை வாயோடு, "சைக்கிள்லயா?" என்று கேட்டார்.

"சைக்கிள்லதான்."

"அடியாத்தி. நாங்க காசு குடுத்து ஜீப்புல தொங்கிட்டு வாறோம்" என்றார் அவர். ஜீப்பு நகர்ந்தது. பின்படியில் நின்றவர்கள் ஒரு கையை விட்டுவிட்டு எங்களுக்குக் கையாட்டினார்கள். நாங்கள் இரண்டு கையாலும் ஆட்டினோம், அப்போது உட்கார்ந்திருந்ததால்.

குரங்கணிச் சாலை அந்நாளில் பெயருக்குத்தான் சாலை. கல்லும் சரளையும், நடுவில் புல். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினோம். தள்ளுவதில் நான்தான் முதல். ஆறு இடது பக்கம் மரத்துக்குள் ஓடிக்கொண்டே கூட வந்தது. நூற்று எழுபதாவது கம்பத்துக்குப் பக்கத்தில் தேவாரத்துக்காரி சட்டென்று சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சாலையோரம் குந்தினாள். எதிரில் ஒரு பெரிய குவியல். யானைச் சாணி. ஒரு குச்சியை எடுத்து அதைக் கிளறி, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். எங்கள் பலகையில் எந்தக் கஷ்டமான டிரங்க் காலுக்கும் அவள் அவ்வளவு கவனம் காட்டி நான் பார்த்ததில்லை.

"நேத்துப் போட்டது" என்றாள். பிறகு புறங்கையை அதன் மேல் வைத்தாள். "இல்ல. இன்னைக்குக் காலையில போட்டது."

மூங்கில் புதரில் எங்கோ ஒன்று முறிந்தது. லைன்மேன் தலையைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னார். "கம்பத்துக்கு ரெண்டு ஆள் வீதம் ஏறலாம்."

அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஹேண்டில்பாரில் கவிழ்ந்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம் வந்தது. கடைசியில் நான்கு பேரும், யானை இருந்தால் அதுவே பயந்து ஓடுகிற அளவுக்குச் சிரித்தோம். மூங்கிலை முறித்தது குரங்கு என்று தெரிந்தது. ஒரு கூட்டம் மூங்கிலை வளைத்துக்கொண்டு கீழே ஆற்றுப்பக்கம் போயிற்று. யானையை அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை. தேவாரத்துக்காரி மட்டும் அதற்காக வருத்தப்பட்டாள்.

இருநூறு தாண்டியதும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் காற்று என்று நினைத்தேன். இருநூற்று ஆறில் அது காற்றில்லை என்று தெரிந்தது. இருநூற்றுப் பத்தில் பேசுவதற்குக் கத்த வேண்டியிருந்தது. இருநூற்றுப் பதினொன்றில் லைன்மேன் சைக்கிளைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, கையைக் காட்டினார். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. நாற்பது ஐம்பது அடி நடந்திருப்போம்.

ஆறு மாதமாகச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் மனதுக்குள் ஒரு அருவியைக் கட்டிவைத்திருந்தேன். ஓர் ஆள் உயரம், ஒரு வாய்க்கால் அகலம். ஹெட்போனுக்குள் அடங்குகிற அருவி. அங்கே நின்றது நாலு மாடி உயரம். மேலே வானத்திலிருந்து நேராகப் புறப்பட்டது போல் வந்து, நடுவில் ஒரு பாறையில் மோதி, விசிறியாக விரிந்து விழுந்தது. விழுந்த இடத்தில் தரை நடுங்குவது உள்ளங்காலில் தெரிந்தது. சாரல் வந்து மூன்று பேரையும் நின்ற இடத்திலேயே நனைத்தது. தேவாரத்துக்காரி என்னமோ சொன்னாள், கேட்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து இறுக்கினாள். உட்காரலாமா, ஓடலாமா, கத்தலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு மூன்றையும் செய்தேன்.

லைன்மேன் எங்கள் பக்கம் வராமல் பாதையிலேயே நின்று, "நீங்க குளிங்க. எனக்கு மேல சோலி இருக்கு" என்று கத்திவிட்டுத் திரும்பிப் போனார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், காப்பிச் செடிகளுக்கு மேலே கம்பத்து உச்சியில் அவர் முதுகு தெரிந்தது. அருவிக்கு நேர் எதிர்ப்பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்து, கம்பி கட்டியிருக்கிற ஒரே பீங்கானைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் குளித்து முடிக்கும்வரை அந்தப் பீங்கானைத்தான் துடைத்தார். அந்த லைன் முழுக்க அவ்வளவு சுத்தமான பீங்கான் வேறு இருந்திருக்காது.

விழுகிற இடத்துக்குப் போக வேண்டாம், ஓரத்துப் பாறைக்குப் போங்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஓரத்திலேயே தண்ணீர் தலையில் குட்டுவது போல் இறங்கியது. அக்கா சேலை, பேன்ட்டு எல்லாவற்றோடும் நீருக்குள் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து கத்தினாள். அருவிக்குள் நின்று கத்தினால் தன் சத்தமே தனக்குக் கேட்காது. அது தெரிந்ததும் ஆளாளுக்குக் கத்தினோம். நான் வீட்டுச்சொந்தக்காரம்மாவைத் திட்டினேன். தேவாரத்துக்காரி யாரைத் திட்டினாள் என்று கேட்டதற்கு, "திட்டல, எங்க ஊரு பஸ்சு நேரத்தச் சொல்லிட்டிருந்தேன். வேற ஒண்ணும் வாயில வரல" என்றாள்.

கரையேறி, தலையைத் துவட்டி, அக்கா கட்டிக்கொண்டு வந்த இட்லியைத் தின்றோம். லைன்மேன் கம்பத்தடியில் நின்று தின்றார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ஏறி, டெஸ்ட் போனை மாட்டினார். நீள ஒயர் என்பதால் போனைக் கீழே எங்களிடம் இறக்கினார்.

"டூட்டியில இருக்குற பையன்கிட்ட சும்மா பேசுங்க. அருவி கேக்குதானு கேளுங்க" என்றார்.

அன்று காலை டூட்டி ஒரு இளைஞருடையது. அவரைச் சீண்டலாம் என்று போனை நான்தான் முதலில் பிடுங்கினேன். காதில் வைத்ததும் எதிர்முனையில் ஆள் எடுக்கிற அந்தக் கிளிக் சத்தம் கேட்டது. என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

எதிர்முனையில் ஒரு கனத்த குரல், நிதானமாக, "அதை நான்தானேம்மா கேட்கணும்?" என்றது.

எங்கள் சூப்பர்வைசர். இளைஞர் டீ குடிக்கப் போயிருக்கிறார், இவர் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அனாவசியப் பேச்சு கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவர்தான். லைனில் யாராவது 'சௌக்கியமா' என்று கேட்டால்கூட மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். என் கை போனை அக்காவிடம் நீட்டியது. அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். தேவாரத்துக்காரி கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

"எங்கிருந்து பேசறீங்க?" என்றார்.

"இருநூத்திப் பதினொண்ணு சார்."

"அங்கே நீங்க என்ன செய்யறீங்க?"

லைன் டெஸ்டிங் என்று சொல்ல வாயெடுத்தேன். வழி முழுக்க நூறு பேரிடம் சொன்னது அவரிடம் வரவில்லை. "அருவி பார்க்க வந்தோம் சார். மூணு பேரும்" என்றேன். எதற்கோ, "சைக்கிள்ல" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வேலை போய்விட்டது, மதுரைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நான் நினைத்த நேரத்தில் அவர் கேட்டார். "அந்த இரைச்சல் அருவியா? நான் ஒரு வருஷமா லைன் ஃபால்ட்னு எழுதிக்கிட்டிருக்கேன்."

"அருவிதான் சார்."

"கொஞ்சம் அந்தப் பக்கமா காட்டுங்க."

ஒயர் எட்டிய மட்டும் போனைக் காப்பிச் செடிகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கை வலித்ததும் அக்கா வாங்கிப் பிடித்தாள். அவளுக்கு வலித்ததும், உயரமானவள் என்பதால் தேவாரத்துக்காரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். மேலே லைன்மேன் அசையாமல் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். போதுமா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. கடைசியில் நான் மெதுவாகக் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"சார்?" என்றேன்.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சு" என்று, டிரங்க் கால் பேசுகிறவர்களிடம் நாங்கள் சொல்வது போலவே சொல்லி வைத்துவிட்டார்.

லைன்மேன் இறங்கி வந்து, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அக்கா மறுபடியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தேவாரத்துக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழி முழுக்க இறக்கம். வரும்போது தள்ளிக்கொண்டு வந்த ஒவ்வொரு ஏற்றத்தையும் இப்போது மிதிக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டோம். ஈரப் பாவாடை பறந்து காய்ந்தது. கல் தடுக்கும் இடத்தில் எல்லாம் வயிறு ஒரு தடவை மேலே போய் வந்தது. முந்தல் நெருங்குகிற கடைசி இறக்கத்தில், அதுதான் நீளமானது, நான் பிரேக்கைப் பிடித்தேன். கட்டை கழன்று எங்கோ தெறித்தது. சைக்கிள் தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது.

லைன்மேன் கடந்தார், அல்லது நான் அவரைக் கடந்தேன். கம்பங்கள் வரிசையாகப் பின்னால் ஓடின. கத்தினேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது, பயம் ஒரு அளவுக்கு மேல் போய், வேறு ஒன்றாக மாறி, நான் சிரித்துக்கொண்டிருந்தது மட்டும்தான். அப்போது பின்னாலிருந்து அக்காவின் சைக்கிள் என் பக்கத்தில் வந்து சேர்ந்தது. பார் சைக்கிளில் குனிந்து மிதித்து, எனக்குச் சமமாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"மிதிக்காத. நேரா பாரு" என்றாள், வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில்.

பின்னாலிருந்து லைன்மேன் குரல் கேட்டது. "வலது பக்கம் வண்டித்தடம் வருது. அஞ்சு கம்பம். மாந்தோப்புக்குள்ள ஏறுது. அதுல திருப்பு."

அந்தச் சாலையில் எந்த இடத்தில் எது பிரிகிறது என்று அவருக்குத் தெரியாதது இல்லை. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அக்காவும் கூடவே எண்ணினாள். ஐந்தில் தடம் தெரிந்தது. அக்கா விலகிக்கொண்டாள், நான் திருப்பினேன். சைக்கிள் மேடேறி, வேகம் குறைந்து, இரண்டு மாமரங்களுக்கு நடுவே வந்து, ஒரு கணம் அப்படியே நின்றது. விழுவதற்கு முன் காலை ஊன்றிவிட்டேன். கல் இல்லை, திண்டு இல்லை. வெறும் தரையில் என் கால்.

மூன்று பேரும் மேடேறி ஓடி வந்தார்கள். "அடி பட்டிருச்சா?" என்று லைன்மேன் கேட்டார்.

"இறங்கத் தெரிஞ்சிருச்சுண்ணே" என்றேன். அவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். கழன்ற இடத்தில் தன் சைக்கிளின் பின் பிரேக் கட்டையைக் கழற்றி எனக்குப் போட்டார்.

ஊர்ப் பாலத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. விடிகிற நேரத்தில் ஊருக்குள் யார் கண்ணிலும் படாமல் கிளம்பியிருந்தோம். பேச்சுப்படி, அக்கா பாலத்திலேயே இறங்கி, சைக்கிளை லைன்மேனிடம் கொடுத்துவிட்டுச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்து போக வேண்டும். லைன்மேன் அவள் சைக்கிளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அக்கா இறங்கவில்லை. ஒற்றைக் காலை ஊன்றியபடி கடைத்தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கடைத்தெரு. மலையிலிருந்து இறங்கிய ஜனம் பூராவும் அங்கேதான் இருக்கும்.

"சுத்திப் போறதுக்கு நேரம் இல்ல" என்றாள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

பெல்லை அடித்துக்கொண்டு புறப்பட்டாள். நாங்கள் பின்னால் போனோம். லைன்மேன் எல்லோருக்கும் கடைசியாக வந்தார், முதல் விதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாக்குக் கடை, பாத்திரக் கடை, ஏலக்காய்க் கடைகள் என்று ஒவ்வொரு படியிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஈரத் தலையும் தூக்கிச் செருகின சேலையுமாக அக்கா தெருவின் நட்ட நடுவில் நேராக ஓட்டினாள். காலையில் ஜீப்பில் பார்த்த வெற்றிலை அம்மா ஒரு துணிக்கடை வாசலில் நின்றிருந்தார். எங்களை அடையாளம் கண்டு, பக்கத்திலிருந்தவரிடம் விரலை நீட்டிக் காட்டினார்.

அக்காவின் அண்ணன் கடை தெருக்கோடியில் இருந்தது. சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். கையில் எண்ணெய்த் துணி. கடையிலிருந்த ஆட்களும் பின்னால் வந்து நின்றார்கள். அக்கா அவர் எதிரில் கொண்டுபோய் நிறுத்தினாள். இறங்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து முன் சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காத்து இவ்வளவு கம்மியா இருக்கு" என்றார். "இதுலயா மலைக்குப் போயிட்டு வந்த?"

"ஆமாண்ணே."

அவர் கடைக்குள் கையை நீட்டினார். யாரோ பம்ப்பை எடுத்துக் கொடுத்தார்கள். குந்தி உட்கார்ந்து அவரே அடிக்க ஆரம்பித்தார். அக்கா சைக்கிளின் மேலேயே, ஒற்றைக் காலை ஊன்றி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாலயும் பாத்துருங்கண்ணே" என்றாள்.